ஆல்கஹாலும் கற்றலும்: ஆய்வக எலிக்கு ஹிப்போகாம்பஸ் கானுலா பொருத்தும் அறுவை, ஒரு நிகழ்வு ஆய்வு

மூளையில் கானுலா (மருந்து செலுத்தும் நுண்குழாய்) பொருத்திய எலி ஒன்று, ஆல்கஹால் ஊசி போட்ட அரை மணி நேரத்தில் நீர்த்தொட்டியில் விடப்படுகிறது. நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆல்கஹால் நினைவைக் கெடுத்துவிட்டது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அறுவையன்று தலையை அசையாமல் பிடிக்கும் காதுக்கம்பி செவிப்பறையைக் கிழித்திருந்தாலும் எலி இப்படித்தான் சுற்றும். உடல் வெப்பம் இறங்கியிருந்தாலும் தடுமாறும். மயக்கத்துக்குக் கொடுத்த மருந்தும், புண் பழுக்காமலிருக்கப் போட்ட ஊசியும் ஆல்கஹால் வேலை செய்யும் அதே மூளைப் பாதைகளில் கைவைத்திருக்கலாம். அறுவை மேசையில் எலிக்குள் போகும் ஒவ்வொரு பொருளும் பின்னால் வரும் முடிவில் பங்கு கேட்கும். ஆகவே இந்தத் துறையில் அறுவைத் தயாரிப்பைக் கைத்திறனாக மட்டும் கற்றால் போதாது. மருந்தியலாகவும் கற்க வேண்டும்.

நிகழ்வும் கேள்வியும்

இங்கே அலசப்படும் வடிவமைப்பு இத்துறையில் வழக்கமானது. 9 முதல் 10 வார வயது, சுமார் 300 கிராம் எடை கொண்ட ஆண் விஸ்டார் எலிகள். இட நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் முதுகுப்புறத்தில் இருபக்கமும் வழிகாட்டிக் கானுலா. மீண்ட பிறகு மோரிஸ் நீர்த்தொட்டியில் இட நினைவுப் பயிற்சி. கேள்வி இதுதான்: ஆல்கஹால் கொடுக்கும்போது இட நினைவு கெடும் விதம், ஹிப்போகாம்பஸை மட்டும் சிறிது நேரம் அணைத்து வைத்தால் கெடும் விதத்தை ஒத்திருக்கிறதா?

பின்புலம் இரண்டு வரியில் அடங்கும். ஹிப்போகாம்பஸ் சிதைக்கப்பட்ட எலிகள் மறைமேடையைத் தேடிக் கற்பதில் தோற்கின்றன என்று ரிச்சர்ட் மோரிசும் சக ஆய்வாளர்களும் 1982இல் காட்டினர். ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களில், கற்றலில் பங்குள்ள என்எம்டிஏ ஏற்பி வழியாகப் பாயும் மின்னோட்டத்தை 5 முதல் 50 மில்லிமோலார் எத்தனால் குறைக்கிறது என்பதை லவிங்கர், வைட், வெயிட் மூவரும் 1989இல் வெளியிட்டனர். 50 மில்லிமோலார் என்பது 100 மி.லி. இரத்தத்தில் சுமார் 230 மி.கி.; நன்றாகக் குடித்த நிலை.

குழுக்கள் நான்கு. முதலாவது: வயிற்றறைக்குள் உப்புநீர், மூளைக்குள் உப்புநீர். இரண்டாவது: வயிற்றறைக்குள் ஆல்கஹால், மூளைக்குள் உப்புநீர். மூன்றாவது: வயிற்றறைக்குள் உப்புநீர், மூளைக்குள் மஸ்கிமால். மஸ்கிமால், நரம்பணுக்களை அடக்கும் காபா-ஏ ஏற்பியைத் தூண்டி அந்த இடத்தைச் சில மணி நேரம் அமைதியாக்கும், பக்கத்துக்கு 0.5 மைக்ரோகிராம், 0.5 மைக்ரோலிட்டரில். நான்காவது, அறுவையே செய்யாத எலிகள். இந்த நான்காவது குழுவைச் செலவு கருதி விட்டுவிடுவோர் உண்டு. விடக்கூடாது. கானுலா இறங்கும் வழியில் மூளைப் புறணியும் ஹிப்போகாம்பஸின் மேல்விளிம்பும் கொஞ்சம் சேதமாகத்தான் செய்யும். அந்தச் சேதத்தின் விலை எவ்வளவு என்று சொல்ல இந்தக் குழுவைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஆல்கஹாலையே நேரடியாக ஹிப்போகாம்பஸுக்குள் செலுத்தினால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். இரத்தத்தில் 100 மி.லி.க்கு 100 மி.கி. என்பது சுமார் 22 மில்லிமோலார். நூறு மி.லி.க்கு 10 கிராம் கரைசல் அதைப்போல நூறு மடங்கு. எத்தனால் சின்ன மூலக்கூறு. செலுத்திய சில நிமிடங்களில் பரவி இரத்தத்தோடு போய்விடும். போய்விடுகிறதே என்று அடர்த்தியை ஏற்றினால் ஊசிமுனையைச் சுற்றியுள்ள திசு எரிகிறது, சவ்வூடு அழுத்தமும் குழப்புகிறது. ஆல்கஹாலை உடல் முழுவதற்கும் கொடுத்து, மூளைக்குள் குறிப்பிட்ட ஏற்பிக்கான மருந்தைச் செலுத்துவதே பொருள் சொல்லக்கூடிய முடிவைத் தரும்.

அறுவைக்கு முன்

இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். படிவம் பி-யில் மயக்க மருந்து, வலிநிவாரணி, எந்த நிலையில் எலியை வலியின்றி முடிப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். எத்தனால் வாங்குவதற்குத் தமிழ்நாட்டில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் அனுமதியும் கெட்டாமைன் வைத்திருப்பதற்குத் தனிப் பதிவேடும் தேவை. அனுமதிக்குக் காத்திருக்கும் அவசரத்தில் மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை எடுத்துக் கலக்கக் கூடாது. அதில் குடிக்க முடியாதபடி கலப்புப் பொருள் சேர்த்திருக்கும்.

எலிகள் வந்து சேர்ந்ததும் 7 நாள் ஓய்வு. அதில் கடைசி மூன்று நாள், தினமும் 5 நிமிடம் கையில் எடுத்துப் பழக்குவது அவசியம். பின்னாளில் கானுலாவை அடைத்திருக்கும் கம்பியைக் கழற்றி மாட்டும்போது திமிறும் எலியிடம் கானுலாவும் தப்பாது, விரலும் தப்பாது.

எலிக்கு வாந்தி வராது. ஆகவே இரவு முழுதும் பட்டினி போடுவது வீண். இரத்தச் சர்க்கரையை இறக்கி மீட்பைத் தள்ளிப்போடுவதுதான் மிச்சம். தீனியும் தண்ணீரும் கடைசிவரை இருக்கட்டும்.

மயக்க மருந்து: இங்கேதான் பாதி ஆய்வு தீர்மானமாகிறது

பல ஆய்வகங்களில் கைவசம் இருப்பது கெட்டாமைன்-சைலசீன் கூட்டு. கிலோவுக்கு 80 மி.கி. கெட்டாமைன், 8 மி.கி. சைலசீன், வயிற்றறைக்குள் ஊசி. 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை தாங்கும். மலிவு, கருவி வேண்டாம். ஆனால் கெட்டாமைன் என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கும் மருந்து. லவிங்கர் குழு எத்தனாலுக்குக் காட்டியதும் அதே ஏற்பியைத்தான். ஒரே தடவை கொடுத்த கெட்டாமைனின் நடத்தை விளைவுகள் சில நாட்களுக்கு நீள்வது உண்டு. ஆல்கஹால்-கற்றல் ஆய்வுக்கு இதை முதல் தேர்வாக வைப்பது சரியல்ல. வேறு வழியில்லை என்றால் மீட்புக் காலத்தைப் பத்து நாளுக்குக் குறையாமல் வைத்து, அறுவை செய்யாத குழுவுக்கும் அதே ஊசியைக் கொடுத்து ஒப்பிட வேண்டும்.

பென்டோபார்பிட்டால் இன்னும் சிக்கல். அது காபா-ஏ ஏற்பியில் ஆல்கஹாலோடு கைகோப்பது ஒருபுறம். பழைய நெம்பியூட்டால் கரைசலில் 10 சதவீதம் எத்தனாலும் 40 சதவீதம் புரோப்பிலீன் கிளைக்காலும் கரைப்பானாகவே இருக்கின்றன. மி.லி.க்கு 50 மி.கி. குப்பியிலிருந்து கிலோவுக்கு 50 மி.கி. கொடுத்தால், கூடவே கிலோவுக்குச் சுமார் 80 மி.கி. எத்தனாலும் போகிறது. கிலோவுக்கு 1.5 கிராம் ஆல்கஹால் கொடுக்கப்போகும் ஆய்வில் இது சிறுதுளி. ஆனால் எலி முதன்முதலில் ஆல்கஹாலை எப்போது அறிகிறது என்பதே கேள்வியாக உள்ள ஆய்வில், அந்த முதல் முறை அறுவை மேசையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

மூச்சுவழி மயக்க வாயுவான ஐசோஃபுளூரேன்தான் சிறந்தது. அதுவும் காபா ஏற்பியைத் தொடும். ஆனால் வாயுவை நிறுத்திய சில நிமிடங்களில் பெரும்பகுதி மூச்சுவழி வெளியேறிவிடும், கல்லீரலில் சிதைவது மிகச் சொற்பம். மயக்கப் பெட்டியில் 4 முதல் 5 சதவீதம், பிறகு மூக்குக் கூம்பில் 1.5 முதல் 2.5 சதவீதம், ஆக்சிஜன் நிமிடத்துக்கு 0.8 முதல் 1 லிட்டர். பின்னங்கால் விரலிடுக்கைக் கிள்ளினால் கால் இழுக்கக் கூடாது. மூச்சு நிமிடத்துக்கு 50 முதல் 60 என்று சீராக இருக்க வேண்டும். மூச்சு ஆழமாகி விட்டுவிட்டு வந்தால் சதவீதத்தை உடனே இறக்கவும். வெளியேறும் வாயுவைப் பிடிக்கும் கரிக்குடுவையை ஒவ்வொரு அறுவைக்கு முன்னும் எடை போட்டு, புதிதாக இருந்தபோது இருந்ததைவிட 50 கிராம் கூடியதும் மாற்றிவிட வேண்டும். இது அறுவை செய்பவரின் உடல்நலம்.

எச்சில் சுரப்பைக் குறைக்க அட்ரோபின் போடும் வழக்கம் கெட்டாமைன் காலத்து மிச்சம். அட்ரோபின் மூளைக்குள் நுழைந்து அசிட்டைல்கோலின் பாதையைத் தடுக்கும்; கற்றல் ஆய்வாளர்கள் நினைவைக் கெடுக்கவென்றே பயன்படுத்தும் வகை மருந்து அது. தேவை என்றால் மூளைக்குள் எளிதில் நுழையாத கிளைக்கோபைரோலேட் போடலாம். ஐசோஃபுளூரேனில் பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது.

வலிநிவாரணியும் கிருமிக்கொல்லியும்

வலியைத் தீர்க்காமல் விடுவது எலிக்குச் செய்யும் கொடுமை. ஆய்வுக்கும் கேடு: வலியும் அதனால் ஏறும் அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டீரோனும் கற்றலைக் குலைக்கும், ஆல்கஹால் குடிக்கும் அளவையும் மாற்றும். கேள்வி எந்த மருந்து என்பதுதான்.

பியூப்ரெனார்ஃபின், கிலோவுக்கு 0.03 முதல் 0.05 மி.கி., நல்ல வலிநிவாரணி. ஆனால் அது ஓபியாய்டு. ஆல்கஹாலின் இன்பப் பாதையிலும் ஓபியாய்டு ஏற்பிகளுக்குப் பங்கு உண்டு. அதோடு, இம்மருந்து பெற்ற எலிகள் சில, படுக்கைக்குப் போட்ட உமியையோ மரத்தூளையோ தின்னத் தொடங்கும். வயிறு அடைத்து எடை இறங்கும். ஆல்கஹாலை விரும்பிக் குடிக்க வைக்கும் ஆய்வில் இதைத் தவிர்ப்பது நல்லது. இந்த நிகழ்வில் ஏற்றது மெலாக்சிகாம்: கிலோவுக்கு 1 மி.கி., தோலடியில், கத்தி வைப்பதற்கு முன் ஒரு முறை, பிறகு நாளுக்கு ஒன்றாக இரண்டு நாள். மி.லி.க்கு 5 மி.கி. குப்பியிலிருந்து 300 கிராம் எலிக்கு 0.06 மி.லி.தான் வரும், அதைத் துல்லியமாக அளக்க முடியாது. உப்புநீரில் பத்து மடங்கு நீர்த்து 0.6 மி.லி. கொடுக்கவும். சில மெலாக்சிகாம் ஊசிகளில் மி.லி.க்கு 150 மி.கி. எத்தனால் சேர்ந்திருக்கிறது, குப்பியின் பெட்டியிலுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. மெலாக்சிகாமும் ஆல்கஹாலும் இரண்டும் இரைப்பைச் சுவரை அரிக்கும் என்பதால் கடைசி வலிநிவாரணிக்கும் முதல் ஆல்கஹாலுக்கும் இடையே நாட்கள் விட வேண்டும். தலைத்தோலின் கீழே 0.5 சதவீத லிடோகைன் 0.2 மி.லி.; இது கிலோவுக்கு 3.3 மி.கி., பாதுகாப்பான எல்லைக்குள்.

பாராசிட்டமாலைத் தண்ணீரில் கலந்து வைப்பது சில இடங்களில் வழக்கம். ஏற்கெனவே வாரக்கணக்கில் ஆல்கஹால் பெற்ற எலிக்கு அது ஆபத்து. நாட்பட்ட ஆல்கஹால் கல்லீரலில் சிஒய்பி2இ1 நொதியைப் பெருக்கி, பாராசிட்டமாலின் நச்சு விளைபொருளைக் கூட்டிவிடும்.

கிருமிக்கொல்லி விஷயத்தில் இந்திய ஆய்வகங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது செஃப்ட்ரியாக்சோன். மருந்துக்கடையில் எளிதாகக் கிடைப்பதால் அறுவை முடிந்ததும் அதைப் போடுகிறார்கள். செஃப்ட்ரியாக்சோன் மூளையில் ஜிஎல்டி-1 எனும் குளூட்டமேட் கடத்தியைக் கூட்டும். ஆல்கஹாலை விரும்பும் எலி இனத்தில் குடிக்கும் அளவையே குறைத்தது என்று காட்டப்பட்டிருக்கிறது. ஐந்து நாள் ஊசி போட்டுவிட்டு ஆல்கஹால் ஆய்வைத் தொடங்குவது, சிகிச்சை கொடுத்துவிட்டு நோயைத் தேடுவது. செஃபோபெரசோன் வேறு வகையில் கெடுக்கும்: அசிட்டால்டிஹைடு சிதைவதைத் தடுத்து, ஆல்கஹால் பெற்ற எலியை நோயுறச் செய்யும். என்ரோஃபிளாக்சசின் காபா தடுப்பைத் தளர்த்தி வலிப்பு வாசலைத் தாழ்த்தும். கருவிகள் ஆட்டோகிளேவ் செய்யப்பட்டு, எலிக்கு எலி கண்ணாடி மணிச் சூடேற்றியில் முனைகள் கிருமிநீக்கப்பட்டு, கையுறை மாற்றப்பட்டால் பெரும்பாலான எலிகளுக்கு ஊசிவழிக் கிருமிக்கொல்லியே வேண்டாம். சுத்தத்தை மருந்தால் ஈடுசெய்ய நினைப்பதுதான் தவறு.

தோலைச் சுத்தம் செய்யவும் ஆல்கஹால் வேண்டாம். போவிடோன் அயோடின், பிறகு கிருமிநீக்கிய உப்புநீர், மாற்றி மாற்றி மூன்று முறை. ஆல்கஹால் ஆவியாகித் தோலைக் குளிர்விக்கும். அதன் மணமும் எலியின் நினைவில் தங்கலாம்.

மேசையில்

முடியைக் கண்களுக்கு நடுவிலிருந்து காதுகளுக்குப் பின்வரை மழித்து, கண்களில் களிம்பு இட்டு, வெப்பத் தகட்டின் மேல் கிடத்தவும். மலக்குடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். 36-க்குக் கீழே போனால் மயக்கம் தெளிவது இழுத்துக்கொண்டே போகும்.

காதுக்கம்பி நுனியின் சாய்வு 45 டிகிரி இருக்கட்டும். 18 டிகிரிக் கூர்நுனி செவிப்பறையைக் கிழிக்கும். மேசையில் அது தெரியாமல் போகலாம். மூன்றாம் நாள் தலை ஒருபக்கம் சாய்ந்திருக்கும், தொட்டியில் ஒரே பக்கமாக வட்டமிடும், ஒலியோடு அச்சத்தைப் பிணைக்கும் சோதனையில் ஒலியே கேட்காது. இரு கம்பிகளும் ஒரே அளவீட்டில் நிற்க வேண்டும், தலை பக்கவாட்டில் அசையக்கூடாது, மூக்கை மேலும் கீழும் ஆட்டினால் மட்டும் அசைய வேண்டும். மூச்சு திணறினால் கம்பி தொண்டைப் பக்கம் இறங்கியிருக்கிறது. தளர்த்தி மறுபடி வைக்கவும்.

மேல் வெட்டுப்பற்களைத் தாங்கும் பற்கம்பி காதுமட்டத்துக்கு 3.3 மி.மீ. கீழே. இது தொடக்க எண் மட்டுமே. 1982இல் முதல் பதிப்பு கண்ட பாக்சினோஸ்-வாட்சன் மூளை வரைபடம் சுமார் 290 கிராம் ஆண் விஸ்டார் எலிகளை, மண்டையோடு தட்டையாக இருக்கும் நிலையில் அளந்தது. ஆகவே தோலை 1.5 முதல் 2 செ.மீ. கீறி, எலும்பின் மேலுறையைச் சுரண்டி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்ட பஞ்சால் துடைத்ததும், மண்டையோட்டுத் தையல்கோடுகள் முன்னே சந்திக்கும் பிரெக்மாவிலும் பின்னே சந்திக்கும் லாம்டாவிலும் ஊசிமுனையைத் தொட்டு உயரத்தைப் படிக்கவும். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் வரும்வரை பற்கம்பியை மாற்றவும். நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் 2 மி.மீ. தள்ளி உயரம் பார்த்துப் பக்கச் சாய்வையும் சரிபார்க்கவும்.

பிரெக்மா பல எலிகளில் தெளிவான புள்ளியாக இராது. ஒருபக்கத் தையல்கோடு மறுபக்கத்தைவிட முன்னே வந்து சேரும். இரு வளைவுகளையும் மனத்தால் நீட்டி, அவை நடுக்கோட்டை வெட்டும் சராசரி இடத்தைப் பிரெக்மாவாகக் கொள்ள வேண்டும். பிரெக்மா-லாம்டா தூரத்தைக் குறித்துக்கொள்வதும் கட்டாயம். வரைபடத்தில் அது ஏறத்தாழ 8.7 மி.மீ.; உங்கள் எலியில் 8 மி.மீ. என்றால் வரைபட எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

இந்த நிகழ்வின் இலக்கு: பிரெக்மாவுக்குப் பின்னே 3.8 மி.மீ., நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் 2.5 மி.மீ., கானுலா முனை பிரெக்மா எலும்புப் பரப்பிலிருந்து 1.8 மி.மீ. ஆழம். உட்செலுத்தி ஊசி அதைவிட 1 மி.மீ. நீண்டு 2.8 மி.மீ.யில் ஹிப்போகாம்பஸின் சிஏ1 பகுதியை எட்டும். ஆழத்தை எலும்பிலிருந்து அளந்தீர்களா, மூளையை மூடும் டியூரா உறையிலிருந்தா என்று எழுதி வைக்காத குறிப்பேடு பயனற்றது. எலும்பின் தடிமன் அளவு, அதாவது 0.7 முதல் 1 மி.மீ. வரை இலக்கு தவறிவிடும். கானுலா 26 கேஜ், வெளிவிட்டம் 0.46 மி.மீ.; உட்செலுத்தி 33 கேஜ். 22 கேஜ் கானுலா உறுதியானது, அடைப்பதும் குறைவு, ஆனால் 0.7 மி.மீ. அகலத்துக்குத் திசுவைத் துளைத்துப் போகும். ஹிப்போகாம்பஸின் வேலையையே அளக்கும் ஆய்வில் மெல்லியதே மேல்.

துளையிடும்போது சொட்டுச் சொட்டாக உப்புநீர் விட வேண்டும். சூடு கீழுள்ள புறணியைச் சுடும். எலும்பின் கடைசி ஏடு மெல்லிய தாளாகத் தெரியும்போது துரப்பணத்தை நிறுத்தி, வளைத்த 30 கேஜ் ஊசியால் அந்த ஏட்டை எடுத்து டியூராவைக் கிழிக்கவும். கிழிக்காமல் கானுலாவை இறக்கினால் புறணி அமுங்கி, பின் மெல்ல மேலெழும், ஆழம் பொய்யாகும். நடுக்கோட்டில் பெரிய சிரைக்குடா ஓடுகிறது, லாம்டாவுக்கு அருகே குறுக்குக் குடா. அங்கே திருகு வைக்கக் கூடாது. இரத்தம் பீறினால் ஜெலாட்டின் பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

சிமென்ட் தொப்பி

கானுலாவை மண்டையோட்டோடு பிடித்து நிறுத்தும் சிமென்ட் தொப்பி கழன்றுபோவதுதான் இந்த ஆய்வுகளில் எலிகளை இழப்பதற்கு முதல் காரணம். அநேகமாக எப்போதும் காரணம் ஈர எலும்பு. பெராக்சைடு போட்டு, உலர்த்தி, கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி சொரசொரப்பாக்கிய எலும்பில் சிமென்ட் பிடிக்கும். ஈரமும் இரத்தமும் கலந்த எலும்பில் சில நாளில் விட்டுவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு 1.2 மி.மீ. தடிமனில் நான்கு: முன்னே இரண்டு, பின்னே இரண்டு, வெவ்வேறு எலும்புகளில். ஒரு சுற்றுக்கு 0.25 மி.மீ. இறங்கும், மூன்று சுற்று போதும். நான்காவது சுற்று மூளையை அமுக்கும். அந்த அமுக்கம் நோயறிகுறியாகத் தெரியாமல், கற்றல் வளைகோட்டில் சற்றுத் தாமதமாக மட்டும் தெரியும்.

டென்டல் சிமென்ட் இறுகும்போது சூடாகும். ஒரே கட்டியாக அப்பாமல் இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் இறுகிய பின் அடுத்தது. ஓரம் வழவழப்பாகவும் தோலுக்கு மேலே ஏறாமலும் இருக்க வேண்டும். கூரான ஓரம் தோலைத் தேய்த்துச் சீழ் பிடிக்க வைக்கும். தொப்பியின் எடையைச் சில கிராமுக்குள் வைக்கவும், இந்த எலி நீந்த வேண்டும். கடைசியாகக் கானுலா நீளத்துக்குச் சரியான அடைப்புக் கம்பியைச் செருகி மூடியைத் திருகவும். தோலடியில் வெதுவெதுப்பான உப்புநீர் 3 மி.லி.

மீட்பு நாட்கள்

எலி நான்கு காலில் நிற்கும்வரை சூடான பெட்டியில். கூண்டின் கம்பி மூடி தாழ்வாக இருந்தால் தீனித் தொட்டியில் தொப்பி முட்டும். உயரமான மூடி தேவை, முதல் மூன்று நாள் ஊறவைத்த தீனியைத் தரையில் வைக்கவும். தினமும் எடை. அறுவைக்கு முந்தைய எடையில் 10 சதவீதம்வரை இறங்கி ஐந்தாம் நாளுக்குள் ஏறத் தொடங்குவது வழக்கம். 20 சதவீதம் இறங்கினால் காத்திருக்கக் கூடாது. இடுங்கிய கண், தட்டையான கன்னம், மடங்கிய காது, கண்ணோரம் சிவப்புக் கசிவு இவை வலியின் முகம். எடை மட்டும் இறங்கி வேறெதுவும் தெரியாவிட்டால் வாயைத் திறந்து பாருங்கள், பற்கம்பியில் வெட்டுப்பல் உடைந்திருக்கலாம்.

தனிக்கூண்டா, இணையா என்பது எளிய கேள்வி அல்ல. கூட்டாளி எலி மூடியைக் கடிக்கும். ஆனால் தனிமை எலிகளின் மனநிலையையும் ஆல்கஹால் குடிக்கும் அளவையும் மாற்றும். துளையிட்ட தடுப்புக்கு இருபுறமும் ஒவ்வொரு எலி என்பது நல்ல நடுவழி. எதைத் தேர்ந்தாலும் நான்கு குழுக்களுக்கும் ஒன்றே.

இரண்டு நாளுக்கொருமுறை அடைப்புக் கம்பியைக் கழற்றித் துடைத்துச் செருகவும். குழாய் அடைபடாமல் இருக்கவும், எலி இந்தக் கையாளலுக்குப் பழகவும் இரண்டுக்கும் இது உதவும். பத்தாம் நாளுக்கு முன் தொட்டியில் இறக்க வேண்டாம். மூடாத காயத்தில் தொட்டி நீர் போனால் சீழ் நிச்சயம்.

ஆல்கஹால் கலவையும் தொட்டியும்

இங்கே நிகழும் பிழை கணக்குப் பிழை. அளவு கிலோவுக்கு 1.5 கிராம். கரைசல் 100 மி.லி.க்கு 20 கிராம் என்றால் கிலோவுக்கு 7.5 மி.லி.; 300 கிராம் எலிக்கு 2.25 மி.லி. ஆனால் 20 சதவீதம் என்று படித்ததும் 95 சதவீத எத்தனாலில் 20 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் அதில் இருப்பது 15 கிராம்தான். எத்தனாலின் அடர்த்தி 0.789, 95 சதவீதச் சாராயத்தின் 1 மி.லி.யில் 0.75 கிராம். சரியான அளவு 26.7 மி.லி. எடுத்து, 0.9 சதவீத உப்புநீரால் 100 மி.லி. வரை நிரப்புவது. இதைக் கவனிக்காததால் கால்பங்கு குறைந்த அளவைக் கொடுத்துவிட்டு, ஆல்கஹால் நினைவைப் பாதிக்கவில்லை என்ற முடிவுக்கு வர நேரும். 20 கிராமைவிட அடர்த்தியான கரைசல் வயிற்றறை உறையைப் புண்ணாக்கும். ஊசி வலப்பக்கக் கீழ்வயிற்றில். இடப்பக்கம் குடல்பை இருக்கும்.

இந்த அளவில் இரத்த ஆல்கஹால் உச்சம் 100 மி.லி.க்குச் சுமார் 150 முதல் 200 மி.கி.; ஊசி போட்ட 15 முதல் 30 நிமிடத்துக்குள். வால் நுனிக் கீறலில் 30 மைக்ரோலிட்டர் இரத்தம் போதும். அந்த வாலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் கீறினால் அளப்பது பஞ்சின் ஆல்கஹாலை. இரத்தம் எடுப்பது பயிற்சி நாளில் வேண்டாம். கடைசிச் சோதனைக்குப் பின் ஒரு முறை போதும். அடிக்கடி இரத்தம் வேண்டியிருந்தால் கழுத்துச் சிரையில் வடிகுழாய் வைக்கலாம், ஆனால் அதன் வாய் முதுகில் தோளெலும்புகளுக்கிடையே வெளிவரும். அத்தகைய எலியை நீந்த வைக்கக் கூடாது. அதற்கு நீர் இல்லாத இட நினைவுச் சோதனைகளான ஆரக்கை மேடையோ பார்ன்ஸ் மேசையோ பொருத்தம்.

மூளைக்குள் செலுத்தும் நேரம்: நிமிடத்துக்கு 0.25 மைக்ரோலிட்டர், இரண்டு நிமிடம், பிறகு ஊசி மேலும் ஒன்றரை நிமிடம் அங்கேயே. உடனே உருவினால் மருந்து கானுலாச் சுவரோடு மேலேறிவிடும். குழாயில் ஒரு சிறு காற்றுக்குமிழை விட்டு வைத்தால் அது நகர்வதைக் கொண்டு மருந்து போவதை உறுதிசெய்யலாம். குமிழ் நின்றால் ஊசி அடைத்திருக்கிறது, அந்த எலியின் அன்றைய பதிவைச் சேர்க்கக் கூடாது. மஸ்கிமாலுக்குப் பின் 30 நிமிடம், ஆல்கஹாலுக்குப் பின் 20 நிமிடம் கழித்துத் தொட்டியில் விடவும். கானுலா வைத்த எல்லா எலிகளும் இரண்டு ஊசிகளையும் பெறுவதால் அவற்றுக்கு நேர வரிசையும் ஒன்றே.

தொட்டி 1.8 மீட்டர் விட்டம், மேடை 10 செ.மீ. அகலம், நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே. நாளுக்கு 4 முறை, ஒவ்வொன்றும் 60 விநாடி, ஐந்து நாள். ஆறாம் நாள் மேடையை எடுத்துவிட்டுத் தேடல் சோதனை. ஆல்கஹால் உடல் வெப்பத்தை இறக்கும், குளிர்ந்த நீர் இன்னும் இறக்கும். நீர் 25 டிகிரி, முயற்சிகளுக்கிடையே சூடான பெட்டி, கடைசியில் தலையைத் துடைத்து மூடியைப் பார்ப்பது எல்லாம் வேண்டும். நீச்சல் வேகமும், மேடை கண்ணுக்குத் தெரியும் நிலையில் அதை எட்டும் நேரமும் தனியே பதிவாக வேண்டும். இவற்றிலும் பின்தங்கும் எலிக்கு நினைவு கெட்டது என்று சொல்ல முடியாது. போதையில் கற்றதைத் தெளிவில் சோதித்தால், நிலை மாறியதாலேயே நினைவு வராமல் போகலாம். ஆகவே தேடல் சோதனையைப் பாதி எலிகளுக்குப் போதையிலும் பாதிக்குத் தெளிவிலும் வைப்பது முறை.

நாட்பட்ட ஆல்கஹால் என்றால்

ஆல்கஹால் கலந்த லீபர்-டிகார்லி திரவ உணவில் வாரக்கணக்கில் வைக்கும் ஆய்வுகளில் அறுவை ஆல்கஹாலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு செய்தால் ஒவ்வொரு எலிக்கும் மயக்க அளவு வேறாகும்: போதையிலிருக்கும் எலிக்கு வழக்கமான அளவே அதிகம், பழகித் தெளிந்த எலிக்கு அதே அளவு போதாது. ஆல்கஹாலை நிறுத்திய ஆறேழு மணி நேரத்தில் தொடங்கும் விலகல் அறிகுறிகளுக்கு நடுவே தலையில் துளையிட்டால் வலிப்பு வரும். இளம்பருவ ஆல்கஹால் ஆய்வுகளில் வேறு தொல்லை. மண்டையோடு வளர்ந்துகொண்டே இருப்பதால் தொப்பி தளரும், இலக்கும் நகரும். அங்கே ஆல்கஹாலை இளமையில் கொடுத்து, எலி வளர்ந்து 280 கிராம் தாண்டிய பின் கானுலா வைப்பதே நடைமுறை.

முனை எங்கே இருந்தது

சோதனை முடிந்ததும் ஆழ்ந்த மயக்கத்தில் அதே உட்செலுத்தி வழியே 0.5 மைக்ரோலிட்டர் மை விட்டு, இதயம் வழியாக உப்புநீரும் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடும் ஓட்டி, 40 மைக்ரோமீட்டர் சீவல்களாக வெட்டி கிரெசில் வயலட் ஏற்றவும். சீவலைப் படிப்பவருக்கு எலியின் குழுவும் மதிப்பெண்ணும் தெரியக்கூடாது. ஒருபக்க முனை மட்டும் சரியாக இருந்த எலி, பக்கமூளையறைக்குள் மை பரவிய எலி, திருகு அமுக்கிய பள்ளம் தெரியும் எலி ஆகிய மூன்றும் விலக்கப்படும். விலக்கும் விதி அறுவைக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். இரு முனைகளும் ஹிப்போகாம்பஸுக்கு மேலேயுள்ள வெண்பொருளில் நின்றுவிட்ட எலிகளைத் தனிக் குழுவாக வைத்துக்கொள்ளலாம். மஸ்கிமால் பெற்றும் அவை மேடையைக் கண்டுபிடித்தால், மற்ற எலிகள் வழி தவறியதற்கு மருந்து ஹிப்போகாம்பஸில் சேர்ந்ததே காரணம் என்பதற்கு அவையே சான்று. அறிக்கையில் முனைகளின் வரைபடத்தோடு, மயக்க மருந்தின் கரைப்பான், வலிநிவாரணியின் பெயரும் கடைசி வேளையும், கிருமிக்கொல்லி கொடுத்ததா இல்லையா, விலக்கிய எலிகளின் எண்ணிக்கையும் காரணமும் இடம்பெற வேண்டும்.